சிக்னல் பூஸ்டர் மாட்டலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

வாசலில் நின்றால் பேச முடிகிறது, கூடத்துக்குள் வந்தால் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, படுக்கையறையில் டவரே கிடைப்பதில்லை. தமிழகத்தின் நகரங்களிலும் கிராமங்களிலும் இந்தப் புகார் இல்லாத தெருவே இல்லை. ஒரு வசதிக் குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸை அழைக்க அந்தப் படுக்கையறையிலிருந்துதான் பேசியாக வேண்டும். எனவே, “சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி, மாட்டினால் வீடு முழுக்க ஃபுல் டவர்” என்று இணையக் கடையில் விளம்பரம் வந்தால் பலர் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால், இந்தியாவில் தனிநபர்கள் இந்தக் கருவியை வைத்திருக்கவே அனுமதி இல்லை என்பதையும், அதைவிட நல்ல வழி பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் விற்பவர்கள் சொல்வதில்லை. வாசகர்கள் அடிக்கடி எழுப்பும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

பூஸ்டர் என்பது உண்மையில் என்ன செய்கிறது?

ஒரு தொகுப்பில் பொதுவாக மூன்று உருப்படிகள் இருக்கும். மொட்டைமாடியில் கட்ட ஒரு ஏரியல், வீட்டுக்குள் மாட்ட ஒரு சிறிய ஆன்டெனா, இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தில் இயங்கும் பெட்டி. மாடி ஏரியல் பார்ப்பதற்குப் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா போலவே இருக்கும். டவரிலிருந்து வரும் அலையை அது பிடித்து, பெட்டி பெருக்கி, உள் ஆன்டெனா அறைக்குள் பரப்புகிறது.

பலரும் கவனிக்காதது இதன் மறுபாதி. நீங்கள் பேசும்போது உங்கள் செல்போனிலிருந்து கிளம்பும் அலையையும் இதே பெட்டி பெருக்கி, மாடியிலிருந்து டவரை நோக்கி அனுப்புகிறது. ஆக, இது வாங்கித் தருகிற கருவி மட்டுமல்ல, ஒலிபரப்புகிற கருவியும்கூட. சந்தையில் கிடைக்கும் பெட்டிகளில் 60 டெசிபெல், 70 டெசிபெல் என்று பெருக்கும் திறனைப் போட்டிருப்பார்கள். 60 டெசிபெல் என்றால் பத்து லட்சம் மடங்கு, 70 என்றால் ஒரு கோடி மடங்கு. சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

என் வீட்டில் நான் மாட்டிக்கொள்கிறேன். இதில் அடுத்தவருக்கு என்ன நஷ்டம்?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமாகவும் கேட்கிறார்கள். விளக்கமாகவே பார்ப்போம்.

ஒரு செல்போன் டவரில் மூன்று பக்கமும் மூன்று ஆன்டெனாக் கூட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு திசையில் பல தெருக்களை ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தெருக்களில் உள்ள நூற்றுக்கணக்கான போன்களிலிருந்து டவருக்குப் போய்ச்சேரும் அலை மிக மிக நுண்ணியது. 4ஜி போனின் உச்ச அனுப்பு சக்தியே 0.2 வாட்தான். அதுவும் டவர் அருகில் இருந்தால் ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். எந்த போனும் தேவைக்கு மேல் அலையை அனுப்பிவிடாதபடி ‘கூட்டு’, ‘குறை’ என்று டவர் ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் இத்தனை பேர் ஒரே அலைவரிசையில் பேச முடிகிறது.

மலிவு விலைப் பூஸ்டருக்கு இந்தக் கட்டளை எதுவும் புரியாது. யாரும் பேசாத நேரத்திலும் அது தன்னுடைய மின்னணு இரைச்சலைப் பெருக்கி டவரை நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். டவரின் காதில் இரைச்சல் ஏறினால், தொலைவில் உள்ள வீடுகளின் மெல்லிய அலை அதில் மூழ்கிவிடும். நாலு தெரு தள்ளி இருப்பவருக்கு நீங்கள் பேசுவது கேட்கும், அவர் பேசுவது உங்களுக்குக் கேட்காது. அழைப்பு நடுவில் துண்டிக்கும். படம் அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் தன் செல்போன் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். காரணம் உங்கள் மாடியில் இருப்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கூட்ட மேடையில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் ‘கூ...’ என்று ஊளையிடுமே, அதேபோல மாடி ஏரியலும் உள் ஆன்டெனாவும் ஒன்றின் அலையை ஒன்று பிடித்துக்கொண்டால் பூஸ்டரும் ஊளையிடும். இந்த ஊளை காதுக்குக் கேட்காது. ஆனால், அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லா நிறுவனங்களின் டவர்களுக்கும் போய்ச்சேரும். ஒற்றைத் தளம் போட்ட நம் வீடுகளில் மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு காங்கிரீட் பலகை மட்டும்தான். இரண்டு ஆன்டெனாக்களையும் போதிய தூரம் பிரித்து வைக்க இடமே இருக்காது. மாட்ட வருகிற ஆளிடம் அலைகளை அளக்கும் கருவியும் இருக்காது. போனில் கோடுகள் ஏறியதும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

சட்டப்படி தவறு என்றால் எப்படி வெளிப்படையாக விற்கிறார்கள்? பெட்டியில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்றுகூடப் போட்டிருக்கிறதே?

விற்கப்படுவதெல்லாம் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. செல்போன் அலைவரிசைகள் ஏலத்தில் விடப்பட்டவை. 2022-ல் நடந்த ஒரே ஏலத்தில் மட்டும் நிறுவனங்கள் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை எடுத்தன. அந்த அலைவரிசையில் டவரோ பூஸ்டரோ இயக்கும் உரிமை அவற்றை எடுத்த நிறுவனங்களுக்கு மட்டுமே. உங்கள் போன் அந்த அலையைப் பயன்படுத்துவதும் நிறுவனத்தின் உரிமத்துக்கு உட்பட்டுத்தான்.

கம்பியில்லாக் கருவிகளை அனுமதியின்றி வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. இப்போது 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தையும் அதையும் சேர்த்து மாற்றியமைக்கும் விதமாக 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் சிக்னல் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று 2022 ஜூலையில் மத்திய தொலைத்தொடர்புத் துறை வெளிப்படையாகவே அறிவித்தது. கண்டுபிடிக்கப்பட்டால் கருவி பறிமுதலாகும். வழக்கும் அபராதமும் வரலாம்.

பெட்டியில் உள்ள முத்திரைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘சிஇ’ என்பது ஐரோப்பியச் சந்தைக்கான குறி, நம் நாட்டில் பயன்படுத்தும் அனுமதி அல்ல. ‘ஈடிஏ’ என்ற சான்று வைஃபை, புளூடூத் போன்ற உரிமம் தேவைப்படாத அலைவரிசைக் கருவிகளுக்கானது. செல்போன் அலைவரிசையில் இயங்கும் பூஸ்டருக்கு அது பொருந்தாது.

கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு டவரின் ஒரு பக்கத்தில் மட்டும் இரைச்சல் வழக்கத்துக்கு மாறாக ஏறியிருப்பது நிறுவனத்தின் கணினித் திரையில் தெரிந்துவிடும். பொறியாளர்கள் திசை காட்டும் ஆன்டெனாவுடன் தெருத் தெருவாக நடந்து வீட்டை அடையாளம் காண்கிறார்கள். தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இதற்கென்றே அலை கண்காணிப்பு அமைப்பு இயங்குகிறது. சென்னையிலும் அதன் நிலையம் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கே சட்டப்படி விற்கும் பூஸ்டரை வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். அது தரமானதுதானே?

தரமானதுதான், அந்த ஊருக்கு. அங்கே 2013-ல் இதற்கென்று விதிகள் வகுத்தார்கள். ஊளையிடத் தொடங்கினால் தானே அணைந்துகொள்ள வேண்டும், இரைச்சலுக்கு உச்சவரம்பு உண்டு, வாங்கியவர் தன் செல்போன் நிறுவனத்திடம் பதிவுசெய்ய வேண்டும் என்பவை அவற்றில் சில. பிரிட்டனும் 2018-ல் நிபந்தனைகளுடன் சிலவகைக் கருவிகளை அனுமதித்தது. இந்தியாவிலும் இப்படி ஒரு ஏற்பாடு வரலாமே என்று கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால், இன்று அப்படி ஒன்று இல்லை.

அதோடு, அந்தக் கருவி இங்கே வந்தால் தலைகீழாக வேலை செய்யும். அமெரிக்காவில் 1850 முதல் 1910 மெகாஹெர்ட்ஸ் வரை போனிலிருந்து டவருக்குப் போகும் பாதை. இந்தியாவிலோ 1805 முதல் 1880 வரை டவரிலிருந்து போனுக்கு வரும் பாதை. அங்கே 1930 முதல் 1990 வரை டவர் பேசும். இங்கே 1920 முதல் 1980 வரை போன்கள் பேசும். அமெரிக்கக் கருவி எதைப் போன் என்று நினைக்கிறதோ அது நமக்கு டவர். எதை டவர் என்று நினைக்கிறதோ அது நமக்குப் போன். நம் ஊரில் பரவலாக உள்ள 900 மெகாஹெர்ட்ஸ் அலையை அது பெருக்கவும் செய்யாது. மகனிடம் பணத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வைஃபை எக்ஸ்டெண்டர், டிவி பூஸ்டர் இவையும் தவறா?

இல்லை. வைஃபை இயங்கும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற எக்ஸ்டெண்டரைத் தாராளமாக மாட்டலாம். டிவி ஆன்டெனா பூஸ்டர் அலையை வாங்குவதோடு சரி, வெளியே எதையும் ஒலிபரப்புவதில்லை.

போனின் முதுகில் ஒட்டும் ‘சிக்னல் ஸ்டிக்கர்’? சிக்னலைக் கூட்டும் ஆப்?

இரண்டும் பயனற்றவை. ஆப்பில் நடப்பது போனின் தொடர்பைத் துண்டித்து மறுபடி இணைப்பது மட்டுமே. ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தால் அதுவே நடந்துவிடும்.

குறை வீட்டிலா, டவரிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். பத்து நிமிடம்கூட ஆகாது.

போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் இஷ்டப்படி வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டாருக்கு நான்கும் உங்களுக்கு இரண்டும் தெரிந்தாலும், இருவருக்கும் ஒரே அளவு அலை வந்துகொண்டிருக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ‘அபவுட் போன்’, அதற்குள் ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்ற பகுதியைத் திறங்கள். சிக்னல் அளவு, மைனஸ் குறியோடு ஒரு எண்ணாக இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் அது வரும். மைனஸ் எண் என்பதால், எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் மோசம். 4ஜியில் -80 என்றால் பிரமாதம். -95 வரை கவலையில்லை. -110-ஐத் தாண்டினால் தள்ளாட்டம். -120 என்றால் அநேகமாகத் தொடர்பே இல்லை.

இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறையில் -115, கூடத்தில் -106, வாசலில் -94, மொட்டைமாடியில் -85 என்று வருகிறதென்று வைத்துக்கொள்வோம். மாடிக்கும் சமையலறைக்கும் 30 டெசிபெல் வித்தியாசம். அதாவது, மாடிக்கு வந்துசேரும் அலையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் சமையலறைக்குள் நுழைகிறது. கம்பி கட்டிய காங்கிரீட், தகரக் கூரை, வெயிலைத் திருப்பும் பூச்சுடைய கண்ணாடி, ஒட்டியபடி நிற்கும் பக்கத்துக் கட்டடச் சுவர் எல்லாம் சேர்ந்து மீதியைத் தின்றுவிட்டன. இது வீட்டின் குறை. நிறுவனத்தை மாற்றினால் ஓரளவுதான் பலன் கிடைக்கும். வைஃபை வழியாகப் பேசுவதே சரியான தீர்வு.

மாறாக, மொட்டைமாடியிலும் -112 என்றால் உங்கள் சுவர்மேல் பழி இல்லை, டவர் தொலைவில் இருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது நிறுவனத்தை மாற்றுவது, அல்லது புகார் கொடுத்து டவரைக் கேட்பது.

வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் உறவினர் வந்தால் அவர் போனிலும் இதே சுற்றை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரை ஊடுருவுவதில் 2300, 2500 மெகாஹெர்ட்ஸைவிடக் கெட்டிக்காரர்கள். எந்த நிறுவனம் உங்கள் தெருவில் எந்த அலையை விட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே வீட்டுக்குள் இருவருக்கு இருவேறு அனுபவம் கிடைக்கும். பிஎஸ்என்எல் 4ஜிக்கு மாற நினைப்பவர்கள் தங்கள் போனில் ‘பேண்ட் 28’ எனப்படும் 700 மெகாஹெர்ட்ஸ் வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய போன்கள் பலவற்றில் அது கிடையாது.

நிறுவனங்கள் தங்கள் சேவை எட்டும் பகுதியை வரைபடமாக இணையத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் விதித்தது. 2025 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அருகில் எங்கே டவர் இருக்கிறது என்பதை அரசின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் பார்க்கலாம். சிம் மாற்றும் முன் இரண்டையும் பார்த்துவிடுங்கள். மாறுவதென்றால், ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம்விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாட்களாவது இருந்திருக்க வேண்டும்.

வைஃபை காலிங் என்கிறார்களே, அது வாட்ஸ்அப் அழைப்பா?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பலர் கையில் இருக்கும் வசதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் இரு முனையிலும் அந்த ஆப் இருந்தாக வேண்டும். வைஃபை காலிங்கில் அப்படி எதுவும் இல்லை. வழக்கம்போல உங்கள் எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கும், அது பழைய பட்டன் போனாக இருந்தாலும், வீட்டு லேண்ட்லைனாக இருந்தாலும் பேசலாம். உங்கள் எண்ணுக்கு வரும் அழைப்பும் மணி அடிக்கும். ஒரே வேறுபாடு, உங்கள் குரல் டவருக்குப் பதிலாக வீட்டு பிராட்பேண்ட் வழியே நிறுவனத்துக்குப் போகிறது. 2019 இறுதியில் ஏர்டெலும் 2020 தொடக்கத்தில் ஜியோவும் இதைக் கொண்டுவந்தன. வி நிறுவனமும் பின்னர் சேர்ந்துகொண்டது. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

செட்டிங்ஸில் சிம் கார்டுக்கான பகுதியில் ‘வைஃபை காலிங்’ என்ற பொத்தான் இருக்கும். அதை இயக்கினால் போதும். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். வீட்டுக்குள் ஓர் ஓரத்தில் -118 என்று மெல்லிய டவர் இருந்தால், சில போன்கள் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும்; வைஃபைக்கு மாறாது. அந்த நேரத்தில் ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திரும்ப இயக்குங்கள், மாறிவிடும்.

ஊரில் தனியாக இருக்கும் அம்மா, அப்பாவுக்கு இதைச் செய்து கொடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், பேச்சும் போய்விடும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட்டில் இயங்கும் கையடக்க யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. பூஸ்டருக்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான். அதையும் சேர்த்தே மாட்டிவிடுங்கள். வங்கியின் ஓடிபி வருகிறதா, ஆம்புலன்ஸுக்கோ டாக்டருக்கோ பேச முடிகிறதா என்பதையெல்லாம் நீங்கள் ஊரில் இருக்கும்போதே சோதித்துப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

எங்கள் தோட்டத்து வீட்டுக்கு பிராட்பேண்ட் கேபிளே வரவில்லை. மாடியில் மட்டும் ஓரளவு டவர் இருக்கிறது.

சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்றை, வெளிப்புற ஆன்டெனா பொருத்தக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். ஆன்டெனாவை மாடியில் டவர் இருக்கும் திசை நோக்கித் திருப்பிக் கட்டிவிட்டு, ரவுட்டரை வீட்டுக்குள் வைத்தால், அங்கிருந்து வைஃபை கிடைக்கும். அந்த வைஃபையில் வைஃபை காலிங். இது பூஸ்டர் அல்ல. ரவுட்டர், டவரின் கண்ணுக்கு இன்னொரு செல்போன்தான். டவர் கூட்டு என்றால் கூட்டும், குறை என்றால் குறைக்கும். ஆகவே யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆன்டெனாவுக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள கேபிளை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. நீளம் கூடக்கூட அலை கேபிளுக்குள்ளேயே கரைந்துபோகும்.

ஃபுல் டவர் காட்டுகிறது. ஆனால் சாயங்காலம் ஆனால் நெட் நகர மறுக்கிறதே?

அது நெரிசல். ஒரே டவரில் அளவுக்கு மேல் ஆட்கள். எந்தக் கருவியாலும் இதைத் தீர்க்க முடியாது, பூஸ்டர் மாட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். 5ஜி அலை உங்கள் வீட்டில் விளிம்பில் தட்டுத்தடுமாறி வருகிறதென்றால், போனை 4ஜியில் நிறுத்திப் பாருங்கள். பல வீடுகளில் நிலைமை உடனே சீராகும், பேட்டரியும் நிற்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்திலும் லிஃப்டிலும் டவர் இல்லை. சங்கத்தின் சார்பில் பெரிய பூஸ்டர் மாட்டலாமா?

சங்கமே ஆனாலும் கூடாது. ஆனால், சங்கத்துக்குத் தனிநபரைவிட பலம் அதிகம். கட்டடத்துக்குள் சிறு ஆன்டெனாக்களை நிறுவி சேவை தரும் ஏற்பாட்டை, உரிமம் உள்ள நிறுவனங்களே செய்து தருகின்றன. விமான நிலையங்களிலும் பெரிய வணிக வளாகங்களிலும் இருப்பது இதுதான். எத்தனை வீடு, எந்த நிறுவனத்தின் சிம் எத்தனை, எந்தத் தளத்தில் என்ன எண் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி, நிறுவனத்துக்குக் கடிதம் கொடுங்கள். மேலே சொன்ன சுற்றை நாலு வீட்டார் சேர்ந்து சுற்றினால் அந்தத் தாள் தயார். வெறும் “டவர் இல்லை” என்ற புகாரைவிட எண்களுடன் போகும் கடிதத்துக்கு மரியாதை உண்டு.

புதிதாக வீடு வாங்குபவர்கள் தண்ணீர், கார் நிறுத்தம் கேட்பதுபோல இதையும் பில்டரிடம் கேட்க வேண்டும். கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பின் அடிப்படையில் நட்சத்திரத் தரம் வழங்கும் விதிமுறையை டிராய் 2024 அக்டோபரில் கொண்டுவந்திருக்கிறது. வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் அது உயிர்பெறும்.

டவர் வந்தால் கதிர்வீச்சு வருமே என்று எங்கள் தெருவில் எதிர்க்கிறார்கள்.

இந்த அச்சத்தைக் கேலி செய்யக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இப்படி ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஆனால், கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். டவரிலிருந்து வரும் அலைக்கு சர்வதேச அமைப்பு வகுத்த வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் இந்தியா 2012 செப்டம்பர் முதல் அனுமதிக்கிறது. சந்தேகம் இருந்தால் தரங் சஞ்சார் தளத்தில் கட்டணம் கட்டி உங்கள் வீட்டருகே அளக்கச் சொல்லலாம்.

டவர் தொலைவில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். போன் தன் சக்தியை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கிறது. சூடாகிறது, பேட்டரி மதியத்துக்குள் காலியாகிறது. காதோடு ஒட்டி வைத்திருக்கும் கருவி அதுதான். டவர் பக்கத்தில் இருந்தால் அதே போன் நூறில் ஒரு பங்கு சக்தியில் பேசிவிடும். தெருவில் டவரைத் தடுத்துவிட்டு, வீட்டுக்கு வீடு யாரும் அளக்காத, யாரும் சோதிக்காத ஒலிபரப்புப் பெட்டியை மாட்டுவது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு ஆகாது. அனுமதி பெற்ற டவர், அளவீட்டு அறிக்கையோடு வரட்டும் என்று கேட்பதே சரி.

எங்கள் மலைக்கிராமத்தில் எந்த இடத்திலும் டவரே இல்லை. அங்காவது பூஸ்டர் உதவுமா?

உதவாது. பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தான். அங்கே தேவை டவர். சேவையே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. பிஎஸ்என்எல் அதைச் செயல்படுத்துகிறது. இப்படி அரசு நிதியில் நிற்கும் டவர்களை மற்ற நிறுவன வாடிக்கையாளர்களும் பயன்படுத்தும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. உங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதா என்று கிராமசபையில் கேள்வி எழுப்பித் தீர்மானம் போடுங்கள். பிரசவ வலி வந்தால் டவர் தேடி மேடு ஏறி நிற்க வேண்டிய நிலையில் 2020களிலும் மக்கள் இருப்பது ஏற்க முடியாத ஒன்று. இதற்குக் குரல் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

புகார் கொடுத்தால் “சரிபார்க்கிறோம்” என்று மெசேஜ் வருகிறது, அதோடு முடிந்துவிடுகிறது. அடுத்து எங்கே போவது?

உங்கள் போனிலிருந்து 198-ஐ அழைத்துப் புகாரைப் பதிவுசெய்து, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மத்திய அரசின் ‘சிபிகிராம்ஸ்’ தளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்து முறையிடலாம். டிராய்க்கு எழுதிப் பலன் இல்லை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டை அங்கே விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்திவிட்டது.

புகாரில் இடம், நேரம், எண் மூன்றும் இருக்கட்டும். “தரைத்தளம், பின்னறை, இரவு 8 மணி, -117, மொட்டைமாடி -111” என்று எழுதினால், வீட்டுச் சுவரைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது.

தெரியாமல் ஏற்கெனவே வாங்கி மாட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் அது யாரையும் தொந்தரவு செய்யாது. பழைய பொருள் விற்கும் தளங்களில் போட வேண்டாம், வைத்திருப்பதைப் போலவே விற்பதும் குற்றம். விற்ற கடையிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சட்டவிரோதமான பொருளை அங்கீகரிக்கப்பட்டது என்று சொல்லி விற்றது அவர்கள் தவறு. தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். பெட்டியை அணைத்த கையோடு போனில் வைஃபை காலிங் பொத்தானைப் போட்டு, பின்னறையிலிருந்து யாருக்காவது ஓர் அழைப்பு பேசிப் பாருங்கள்.